இருபது கிராம்

டர்பனை விட்டபோது மணி நாலரை.
பக்கியின் பின்னால் என் எடைக்கற்கள்:
இருபது கிலோ பத்து, ஐந்து கிலோ நான்கு.
கிராம்கள் மட்டும் வெல்வெட் பெட்டிக்குள்,
வெறும் விரல் படக்கூடாத மகாராணிகள்.

லேடிஸ்மித் தாண்டியதும் பனி.
பனிக்குள்ளிருந்து ஒரு பலகை: டண்டீ.

ஸ்காட்லாந்தில் இன்னொன்று இருக்கிறது.
அங்கே ஆறு கடலைத் தொடுகிறது, போனில் பார்த்தேன்.
இங்கே கடல் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி.
நிலக்கரி தேடி வந்த எவனோ
மஞ்சள் புல்வெளியில் தோள் வலிக்க நின்று
தன் ஊரின் பெயரை இறக்கிவைத்திருக்க வேண்டும்,
இங்கேயே கிட, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று.
எடுக்க வரவில்லை.

அதே நிலக்கரிக்குள் இறங்கிய என் கொள்ளுத்தாத்தாவுக்கு
ஊருக்குப் பெயர் வைக்கும் உத்தியோகம் கிடைக்கவில்லை.
ஒரு நாய்க்கு வைத்தார்: தரங்கம்பாடி.
கூப்பிட்டால் வராதாம்.

பாவாடை அண்ட் சன்ஸ். ஆணி, பெயிண்ட், பாரஃபின்.
மகன் தேவராஜ் பாவாடை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்:
"சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சுடுங்க."
தராசு சரி. கட்டைவிரல்தான் கொஞ்சம் கனம்.
எதிரே மெக்லாரன் இறைச்சிக் கடை.
உள்ளே வெள்ளைத் தொப்பியுடன் இஸ்மாயில்.
"பலகையோடு சேர்த்துத்தான் வாங்கினேன்.
நல்ல பெயிண்ட். நாற்பது வருஷமாக உரியவில்லை."

சிபோங்கிலேயில் மூன்று கடைகள்.
ஹாட்டிங்ஸ்ப்ரூட்டில் ஒன்று, பூட்டியிருந்தது,
வாசற்படியில் ஒரு கோழி, காவலுக்கு.
வழியெல்லாம் சுரங்கக் கழிவு மேடுகள்,
புல் ஏறாத கறுப்பு முதுகுகள்.

பிறகு கிளெங்கோ.

அசல் கிளெங்கோவில், ஒரு குளிர்காலம்,
பன்னிரண்டு நாள் விருந்துண்ட சிப்பாய்கள்
விடியுமுன் எழுந்து வீட்டாரை வெட்டினார்களாம்.
அதற்கு நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது:
உண்ட வீட்டுக்கு இரண்டகம்.

இந்தக் கிளெங்கோவில் ஒரு ரயில் சந்திப்பு.
சரக்கு வண்டி யோசித்து யோசித்து நகர்ந்தது.
வேலியோரம் தக்காளி, முட்டைக்கோசு,
கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி,
கடிகாரம் போல் முகம் வைத்த ஒரு முள் தராசு.

அவள் பெயர் ந்தோம்பிஃபுத்தி.
மறுபடியும் பெண் என்று அர்த்தம்,
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
நான் மங்களம்.
நாலாவது பெண்ணோடு பாடி முடித்துவிடலாம் என்று வைத்த பெயர்.
எனக்குப் பின் இரண்டு தங்கைகள்.
அதைச் சொன்னதும்
எண்ணெயிலிருந்து இரண்டு அமக்வின்யா அள்ளி,
உப்பிப் பொன்னிறமாக, காகிதத்தில் சுற்றி
என் கையில் திணித்தாள்.
காசு வாங்கவில்லை.

ஒரு கிலோக் கல்லை வைத்தேன்.
முள் தொள்ளாயிரத்து எண்பதில் நின்றது.
தட்டிப் பார்த்தேன். அதே எண்பது.
கிலோவுக்கு இருபது கிராம், அவளுக்கு நஷ்டம்.

"தெரியும்," என்றாள், "நாலு வருஷமாக.
பென்ஷன் நாளுக்கு முந்தின வாரம்
அந்த இருபது கிராமைத்தான் பலபேர் சமைக்கிறார்கள்."

சட்டம் தெளிவானது.
யாருக்கு லாபம் என்று அது கேட்பதில்லை.
பொய்த் தராசு பொய்த் தராசுதான்,
சிவப்பு லேபிள் ஒட்டி நிறுத்திவைக்க வேண்டும்.

வாயில் இன்னும் மாவின் சூடு.
லேபிளை உரித்தேன்.
விரலெல்லாம் எண்ணெய்.
ஒரு மூலை ஒட்டியது, மறு மூலை எழுந்தது.
பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி.
உதவி செய்கிற முகத்தோடு அவள் ஒரு துணி நீட்டினாள்.
அதுவும் எண்ணெய்த் துணி.

அறிக்கையில் உள்ளது உள்ளபடி எழுதினேன்:
டண்டீ, சரி.
சிபோங்கிலே, சரி.
கிளெங்கோ, இருபது கிராம் குறைவு.
லேபிள் ஒட்டவில்லை.